முதல் மேல்பிடி செயின்சா: பேட்டரியா, பெட்ரோலா?

#1 புதுக்கிளை

எல்லாருக்கும் வணக்கம். மரவேலைக் குழுவில் இதுவரை கீழே நின்று கொப்பு இழுக்கிறது, கொப்பை அரைத்துத் தள்ளும் சிப்பர் இயந்திரத்தில் தள்ளுகிறது, கயிறு பிடிக்கிறது என்று ஓடிக்கொண்டிருந்தது. இப்போதுதான் மேலே ஏற விடுகிறார்கள். சின்ன மரம், காய்ந்த கிளை, அவ்வளவுதான்.

சொந்தமாக ஒரு மேல்பிடி செயின்சா (மரத்து மேலே ஓட்டுகிற, பிடி மேலே உள்ள சின்ன சா) வாங்கப் பணம் சேர்த்திருக்கிறேன். பேட்டரியா பெட்ரோலா என்று முடிவுக்கு வர முடியவில்லை. எங்கள் மேஸ்திரி பெட்ரோல்தான் என்கிறார். கூட ஏறுகிறவர் பேட்டரிக்கு மாறியதிலிருந்து பெட்ரோலைத் தொடுவதே இல்லை. ஏறும்போது உடம்பில் கட்டும் ஹார்னஸ் பட்டையும் கயிறும் மேஸ்திரியுடைய பழசு இருக்கிறது, அதனால் அந்தச் செலவு இல்லை. உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

#2 ரம்பப்பல்

நமக்குப் பிடித்த கேள்வி. கொஞ்சம் நீளமாகவே வரும், பொறுத்துக்கொள்ளவும்.

பேட்டரி சாவின் பெரிய லாபம் எடையில் இல்லை. பேட்டரியை மாட்டிவிட்டால் எடை பெட்ரோலுக்குக் கிட்டத்தட்ட சமமாகத்தான் வரும். லாபம், வெட்டுக்கும் வெட்டுக்கும் நடுவில் இருக்கிறது. மரத்து மேலே நாம் செய்கிற வேலையில் முக்கால்வாசி நகர்வதும் நிலை எடுப்பதும்தான். சா ஓடுவது சில நொடி. அந்த சில நொடிக்காக பெட்ரோல் சாவை ஐடிலில் உறும விட்டு இடுப்பில் தொங்கவிடுவது, இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது. ஒரு காலைக் கவையில் வைத்துக்கொண்டு சூடான இன்ஜினை இழுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பேட்டரியில் விசையை அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். புகை முகத்துக்கு வராது. கை அதிர்வும் பொதுவாகக் குறைவு.

பெட்ரோலின் லாபம்: பெரிய தண்டைத் துண்டு துண்டாக இறக்கும் நாளில் அது சளைக்காது. டேங்கை நிரப்பினால் மறுபடி தயார். பேட்டரியில் அப்படி ஒரு நாளுக்கு நாலைந்து பேட்டரியும், வண்டியிலேயே சார்ஜ் போட வழியும் வேண்டும். விலையைக் கூட்டும்போது சாவை மட்டும் பார்த்துவிட்டு பேட்டரியை மறக்கிறவர்கள்தான் அதிகம்.

பெட்ரோல் வாங்கினால் 50:1 கலவை, அதாவது லிட்டருக்கு 20 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில். எத்தனால் கலந்த பெட்ரோலைக் கலந்து மாதக்கணக்கில் கேனில் வைக்காதே, கார்புரேட்டர் ரப்பரெல்லாம் போய்விடும். கிடைத்தால் ஆல்கைலேட் என்கிற சுத்தமான எரிபொருள் நல்லது, பென்சீன் புகை மூக்கில் ஏறாது.

எதை வாங்கினாலும் பார், அதாவது செயின் சுற்றி ஓடும் தகடு, 30 அல்லது 35 செ.மீ. போதும். நீளமான பாரைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம்.

#3 கயிற்றுக்காரன்

தம்பி, சாவை விடு. அந்தப் பழைய கயிறு எத்தனை வருஷத்துப் பழசு? ஹார்னஸில் லேபிள் இருக்கா? அதில் தயாரித்த வருஷம் படிக்கிற மாதிரி இருக்கா?

#4 புதுக்கிளை

அண்ணே, லேபிள் அழிந்துபோய் வெள்ளைத் துணியாகத்தான் இருக்கிறது. கயிறு 12 மி.மீ. மேலுறை முழுக்கப் பஞ்சு மாதிரி ஆகியிருக்கிறது. ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் விறைப்பாக, பளபளப்பாக இருக்கும். மேஸ்திரி "அது ஒண்ணும் பண்ணாது" என்றார்.

#5 கயிற்றுக்காரன்

பஞ்சு மாதிரி ஆவது பயப்படுகிற விஷயம் இல்லை. பட்டையில் உரசுகிற கயிறு அப்படித்தான் ஆகும். அந்தப் பஞ்சே உள்ளே இருக்கும் இழைகளைக் கொஞ்சம் காப்பாற்றும்.

பளபளக்கிற விறைப்புதான் கதை. அது உருகி இறுகிய இடம். யாரோ வேகமாக இறங்கியிருக்கிறார்கள், இல்லையென்றால் கயிறு மேல் கயிறு ஓடியிருக்கிறது. பாலியஸ்டர் உருகுவதற்கு 250 டிகிரிக்கு மேல் வேண்டும், நைலானில் சில வகைக்கு அதைவிடக் குறைவு, டைனீமா வகை இழை 150 டிகிரிக்குள்ளேயே போய்விடும். அந்தச் சூடு நொடியில் வந்துவிடும். மேலே மினுங்குகிறது என்றால் உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

நாளைக்குக் காலையில் கயிறு முழுவதையும் கைக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக இழு. ஒரு முழத்துக்கு ஒரு தரம் மடக்கிப் பார். நல்ல கயிறு வட்டமாக வளையும். ஒரு இடத்தில் சட்டென்று முறிந்த மாதிரி மடங்கினால் உள்கரு போயிருக்கிறது. விரலுக்கடியில் தட்டையாகவோ பள்ளமாகவோ பட்டாலும் அதேதான். அந்தக் கயிறு இனி கொப்புக் கட்டக்கூட வேண்டாம், துண்டு துண்டாக வெட்டிப் போடு. முழுசாக இருந்தால் எவனாவது எடுத்து மறுபடி தொங்குவான்.

ஏறுகிற கயிறு புதிதாக இருக்கும்போது குறைந்தது 22 கிலோநியூட்டன் தாங்க வேண்டும் என்பது ஈஎன் 1891 என்ற ஐரோப்பியக் கயிற்றுத் தரத்தில் ஏ வகையின் கணக்கு. இரண்டு டன்னுக்கு மேல். கேட்க ஏகப்பட்டது மாதிரி இருக்கும். முடிச்சு போட்டால் கொஞ்சம் போச்சு, வெயிலில் கொஞ்சம், மண் உள்ளே ஏறினால் கொஞ்சம். ரம்பம் லேசாகத் தொட்டால் மொத்தமும் போச்சு.

லேபிள் இல்லாத ஹார்னஸ், வரலாறு தெரியாத கயிறு. இது இரண்டையும் வைத்துக்கொண்டு பேட்டரியா பெட்ரோலா என்று கேட்கிறாய்.

#6 கோடாலிக்கொண்டை

என்னப்பா எல்லாரும் சேர்ந்து புள்ளையப் பயமுறுத்துறீங்க. நாங்க ஏறுன காலத்துல லேபிளும் கிடையாது கிலோநியூட்டனும் கிடையாது. ஒரு கயிறு, ஒரு அரிவாள், இடுப்புல ஒரு துண்டு. எங்க குழுவுல ஒருத்தனும் விழல. மரத்தப் பாக்கத் தெரியணும், அது போதும். இப்ப வர்ற பசங்க உடம்பு பூரா கொக்கி மாட்டிக்கிட்டு ஏறுறான், எந்தக் கொப்பு தாங்கும்னு தெரியல.

#7 தரையாள்

விழுந்தவர்கள் இங்கே வந்து எழுத மாட்டார்கள், ஐயா.

#8 உச்சிக்கொம்பு

கோடாலிக்கொண்டை ஐயா சொன்னதில் கடைசி வரி மட்டும் உண்மை. மரத்தைப் பார்க்கத் தெரியாதவருக்குக் கருவி துணை நிற்காது. மற்றபடி அரிவாளோடு ஏறிய கணக்கு வேறு, செயின்சாவோடு ஏறுகிற கணக்கு வேறு. அரிவாள் ஓங்கினால்தான் வெட்டும். செயின் நொடிக்கு 20 மீட்டருக்கு மேல் ஓடுகிறது, கயிற்றைத் தொட்டது கைக்குத் தெரியும் முன்பே வேலை முடிந்துவிடும். அதனால்தான் அமெரிக்காவின் மரவேலைப் பாதுகாப்பு விதியான இசட்133, மரத்தில் செயின்சா ஓட்டும்போது உடம்பு இரண்டு இடத்தில் கட்டியிருக்க வேண்டும் என்கிறது: ஏறுகிற கயிறு ஒன்று, தண்டைச் சுற்றிக் கட்டும் குட்டைக் கயிறான லேன்யார்டு ஒன்று. எஃகுக் கம்பி வைத்த லேன்யார்டு என்றால் வெட்டாது என்று ஒரு நம்பிக்கை சுற்றிக்கொண்டிருக்கிறது. வெட்டும். கொஞ்சம் தாமதமாக வெட்டும்.

புதுக்கிளை, மேல்பிடி சா பற்றி யாரும் சொல்லாத ஒன்று. பிடி மேலே இருப்பதால் ஒரு கையில் பிடித்தே வெட்டலாம் போலத் தோன்றும், அதுதான் அதன் சாபம். வலது கையில் சா, இடது கையில் கிளை. பார் முனையின் மேல்பாதி எதிலாவது பட்டால் சா மேல் நோக்கி உதைக்கும், அங்கே இடது முன்கை காத்துக்கொண்டிருக்கும். ஒரு கையால் பிடித்திருந்தால் செயினை உடனே நிறுத்தும் செயின் பிரேக்கைத் தள்ள இடது மணிக்கட்டும் அதன் இடத்தில் இருக்காது. இரண்டு கையும் சாவில் வைக்க முடியாத இடத்தில் நிற்கிறோம் என்றால் நிற்கிற இடம் தப்பு. லேன்யார்டைச் சுற்றி, சாய்ந்து, உடம்பை நிறுத்திவிட்டு அப்புறம் விசையைத் தொட வேண்டும்.

இதனால்தான் என் யோசனை: முதலில் ஒரு நல்ல கைரம்பம். 30 செ.மீ.க்கு மேல், வளைந்த பிளேடு, இழுக்கும்போது வெட்டுகிற ஜப்பான் வகை. மணிக்கட்டுக் கனம் கிளை வரைக்கும் நிமிஷத்தில் போகும். நீங்கள் சொன்ன சின்ன மரம், காய்ந்த கிளை வேலைக்கு இதுவே தாராளம். கைரம்பத்தில் அறுக்கும்போது நிலை தப்பாக இருந்தால் உடம்பு உடனே சொல்லிவிடும். செயின்சா அதை மறைத்துவிடும்.

#9 ரம்பப்பல்

கைரம்பம் பற்றி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கைப் பிடிப்பு பற்றி உச்சிக்கொம்பு எழுதியதை வேலையிடத்தில் எத்தனை பேர் கடைப்பிடிக்கிறார்கள்? அனுபவசாலிகளே ஒரு கையில்தான் வெட்டுகிறார்கள்.

#10 உச்சிக்கொம்பு

செய்கிறார்கள். இடது கையில் தையல் தழும்பும் அவர்களிடம்தான் இருக்கிறது.

#11 தரையாள்

கீழே நிற்கிறவன் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்லட்டுமா? இந்தத் தளத்தில் எல்லாரும் மேலேயே பார்த்துப் பேசுகிறீர்கள்.

பேட்டரி சா வந்ததில் எங்களுக்கு ஒரு பெரிய நிம்மதி, மேலே இருப்பவர் சொல்வது காதில் விழுகிறது. "வருது, தள்ளி நில்" என்றால் கேட்கும், "நில்லு, ஆள் இருக்கு" என்று நாங்கள் கத்தினாலும் அவருக்குக் கேட்கும். பெட்ரோல் சா காதருகே 100 டெசிபல், கீழே சிப்பர் அதற்கு மேல். அந்த நாட்களில் கை ஜாடைதான். ஆனால் ஒரு சிக்கலும் உண்டு. பெட்ரோல் சத்தம் நின்றால் வெட்டு முடிந்தது என்று தெரியும். பேட்டரியில் அமைதி என்றால் ஒன்றும் தெரியாது, அடுத்த நொடியே வெட்டலாம். அதனால் எங்கள் குழுவில் அமைதியை யாரும் சம்மதமாக எடுத்துக்கொள்வதில்லை. அவர் கேட்க வேண்டும், நான் பதில் சொல்ல வேண்டும், அப்புறம்தான் கீழே விழும் எல்லைக்குள் யாரும் போவோம்.

புதுக்கிளை, நீ சிப்பரில் நின்றிருக்கிறாய், உனக்குத் தெரிந்திருக்கும். ஆனால் மேலே ஏறியதும் மறந்துவிடுகிறார்கள், அதனால் சொல்கிறேன். உன் ஏறுகயிற்றின் வால் கீழே கொப்புக் குவியலில் கிடக்கும். அந்தக் குவியலை ஒருவன் அள்ளிக்கொண்டு போய் சிப்பரில் வைப்பான். சிப்பரின் உருளை கயிற்றைப் பிடித்துவிட்டால் மறுமுனையில் நீ இருக்கிறாய். இந்த வேலையில் ஆட்கள் செத்திருக்கும் வழிகளில் இதுவும் ஒன்று. கயிற்றின் வாலைப் பைக்குள் போடு, பையைத் தண்டோரம் வை. கீழே இருப்பவன் புதியவன் என்றால் அவனுக்குக் காட்டிவிட்டு ஏறு. சிப்பர் இன்ஜினை அணைத்த பிறகும் உள்ளே வெட்டும் டிரம் கொஞ்ச நேரம் சுற்றும். மணிக்கட்டுக்கு மேல் அகலமாக விரியும் கையுறை போட்டுக்கொண்டு சிப்பர் பக்கம் போகாதே, கொப்பு அதைப் பிடித்து இழுக்கும்.

இன்னொன்று, வெட்டிய துண்டைக் கயிற்றில் கட்டி இறக்கும் வேலை. மேலே இருப்பவர் துண்டின் எடையைக் கண்ணால் குத்துமதிப்பாகச் சொல்வார், கயிறு பிடிப்பது நான். ஒரு எளிய கணக்கு வைத்துக்கொள். பச்சை மரம் தோராயமாகத் தண்ணீரின் எடை. 50 செ.மீ. விட்டம், ஒரு மீட்டர் நீளம் என்றால் கிட்டத்தட்ட 200 கிலோ. நிறையப் பேர் எண்பது, நூறு என்பார்கள். விட்டம் இரட்டித்தால் எடை நாலு மடங்கு, இதுதான் கண்ணை ஏமாற்றுவது. அந்த 200 கிலோ மேலே கட்டிய கப்பியில் தொங்கும்போது கப்பிக்கு விழும் பாரம் 400 கிலோ பக்கம், ஏனென்றால் இறங்கும் கயிற்றை நான் பிடிக்கும் இழுப்பும் அதிலேயே சேர்கிறது. அதுவும் சும்மா தொங்கினால். விழுந்து கயிற்றில் அடித்தால் பல மடங்கு போகும். அந்தக் கப்பி கட்டியிருப்பது மேலே இருப்பவர் தன்னையும் கட்டியிருக்கும் அதே தண்டில்.

அதனால்தான் கீழே நல்ல ஆள் வேண்டும் என்பது. துண்டு விழும்போது கயிற்றை இறுக்கிப் பிடிப்பவன் பலசாலியாகத் தெரிவான், ஆனால் அவன் மேலே இருப்பவரை உலுக்குகிறான். தண்டின் அடியில் கட்டிய உருளையில் கயிற்றைத் தேவையான சுற்றுப் போட்டு, ஓட விட்டு, மெதுவாக நிறுத்த வேண்டும். பிள்ளையைத் தொட்டிலில் போடுவது போல. மேலே இருப்பவர் தண்டைக் கட்டிக்கொண்டு குலுங்காமல் நின்றால் கீழே இருப்பவன் வேலை தெரிந்தவன்.

#12 கோடாலிக்கொண்டை

தரையாள் சொன்னது சரி. கீழ நிக்கிறவன் சரியில்லேன்னா நான் ஏற மாட்டேன். அது அப்பவும் அப்படித்தான்.

ஆனா ரெண்டு கயிறு வச்சுக்கிட்டு ஏறுனா சிக்கிக்கிட்டு நிப்பான், அதுல மாத்தம் இல்ல.

தம்பிக்கு ஒண்ணு சொல்றேன். ஏறுறதுக்கு முன்னால மரத்தச் சுத்தி வா. தூருல காளான் இருக்கா பாரு. கோடாலிப் பின்பக்கத்தால தட்டு, தண்டு டொம்முனு சொன்னா உள்ள ஒண்ணுமில்ல. பொந்துல ஈ போயிட்டு வருதான்னு கொஞ்ச நேரம் நின்னு பாரு. தேனீ மேல கலைஞ்சா கயித்துல தொங்கிக்கிட்டு எங்க ஓடுவ?

#13 வேரடி

ஐயா சொன்ன சுற்றிப் பார்ப்பதை நானும் வலியுறுத்துகிறேன். நான் இப்போது ஏறுவதில்லை, மரங்களைப் பரிசோதித்து அறிக்கை எழுதுகிறேன். தட்டிப் பார்ப்பது இன்றும் முதல் பரிசோதனைதான், இப்போது ரப்பர் சுத்தியல். தூரில் வளரும் காளானைத் தள்ளிவிட்டு ஏறுவது பெரிய தவறு. சில வகை அழுகல் இலையில் எதுவும் காட்டாது. மரம் பச்சையாகத் தழைத்து நிற்கும், வேர் உள்ளே போயிருக்கும்.

ஐரோப்பாவில் ஆஷ் மரங்களுக்கு ஒரு பூஞ்சை நோய் பரவியிருக்கிறது, 1992இல் போலந்தில் முதலில் கவனிக்கப்பட்டது. அந்த நோய் வந்த மரத்தின் கட்டை நொறுங்கும் தன்மை பெறுகிறது, கட்டும்போதே கிளை உடையும். அங்கே தேர்ந்த ஏறுநர்கள்கூட அந்த மரத்தில் ஏறாமல் தூக்கு இயந்திரத்தைத்தான் கூப்பிடுகிறார்கள். ஏற மறுப்பதும் தொழில்தான்.

வெட்டு பற்றி. கிளையைத் தண்டோடு ஒட்டி மழமழவென்று அறுப்பதுதான் அழகு என்று பல குழுக்களில் இன்னும் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் பிளந்து பார்த்து, அது ஏன் தப்பு என்று காட்டியவர் அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ. மரத்துக்கு நம் தோல் போல ஆறுகிற தன்மை கிடையாது. காயத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி அழுகலை உள்ளே அடைத்துவிட்டு, மேலே புதுக் கட்டையை வளர்த்துக்கொள்கிறது. அந்தச் சுவர் எழும் இடம், கிளை தண்டோடு சேரும் புடைப்பு. ஒட்டி அறுத்தால் அந்தப் புடைப்பே போய்விடுகிறது. முதலில் கீழிருந்து ஒரு சின்ன வெட்டு, சற்றுத் தள்ளி மேலிருந்து ஒரு வெட்டு, பாரம் போன பிறகு புடைப்புக்கு வெளியே கடைசி வெட்டு. காயத்தில் பெயின்ட் அடிப்பது வாடிக்கையாளரின் மனசுக்கு மட்டும்தான் மருந்து.

காலில் கட்டும் ஸ்பைக், வெட்டிச் சாய்க்கப் போகும் மரத்துக்கு மட்டும். நிற்கப் போகும் மரத்தில் ஒவ்வொரு குத்தும் ஒரு காயம். தென்னை, பனை போன்றவற்றில் அந்த ஓட்டை கடைசிவரை அப்படியே இருக்கும், மூடிக்கொள்ளும் திசு அவற்றில் இல்லை. வாஷிங்டோனியா வகைப் பனைகளில் காய்ந்த ஓலை பாவாடை போலத் தொங்கும். அதன் அடியில் புகுந்து வெட்டிக்கொண்டே ஏறும்போது மொத்தமும் சரிந்து மேலே உட்கார்ந்து, மூச்சு முட்டி இறந்தவர்கள் உண்டு. அதை மேலிருந்து கீழாகத்தான் எடுக்க வேண்டும்.

#14 புதுக்கிளை

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. கயிற்றை மடக்கிப் பார்த்தேன். அந்தப் பளபளப்பான இடத்தில் சட்டென்று மடங்குகிறது. மேஸ்திரியிடம் காட்டினேன், ஒன்றும் சொல்லவில்லை, வாங்கி ஓரமாகப் போட்டுவிட்டார்.

இன்னொரு கேள்வி. இந்த வேலையை எத்தனை வயசு வரைக்கும் செய்ய முடியும்? கூட ஏறுகிறவருக்கு இப்போதே குளிர் நாட்களில் விரல் வெளுத்து மரத்துப்போகிறது என்கிறார்.

#15 உச்சிக்கொம்பு

அவரை இந்த வாரமே மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். விரல் வெளுப்பது அதிர்வு நோயின் அடையாளம், முற்றிவிட்டால் திரும்பாது. ஐரோப்பிய விதியில் 8 மணி நேர வேலைக்குக் கை அதிர்வின் உச்சவரம்பு 5 மீ./வி.², பாதியைத் தொட்டாலே நடவடிக்கை எடுக்க வேண்டும். சாவின் கையேட்டில் அதன் அதிர்வு அளவு போட்டிருக்கும், வாங்கும் முன் அந்த வரியைப் பாருங்கள். பேட்டரிக்கு நான் ஓட்டுப் போடுவது இதற்காகத்தான்.

உடம்பில் முதலில் போவது தோளும் முழங்கையும். பழைய இரட்டைக் கயிற்று முறையில் ஏறுவதெல்லாம் கை இழுப்பு. ஒற்றைக் கயிற்றில் பாதத்துக்கு ஒரு பிடிப்பான், முழங்காலுக்கு ஒரு பிடிப்பான் மாட்டிக்கொண்டால் படி ஏறுவது போலக் கால் வேலை செய்யும். கை மிச்சம். நாற்பதுக்கு மேலும் நன்றாக ஏறுகிறவர்களை எனக்குத் தெரியும், அவர்களில் யாரும் கையால் இழுத்து ஏறுவதில்லை.

#16 ரம்பப்பல்

மொண்ணைச் செயின் அதிர்வைக் கூட்டும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெட்டும்போது சீவல் சீவலாக வர வேண்டும். மாவாகக் கொட்டினால் அரம் எடுக்கும் நேரம். மேல்பிடி சாவில் பெரும்பாலும் 3/8 லோ ப்ரொஃபைல் செயின்தான் வரும், அதற்கு 4 மி.மீ. உருண்டை அரம், 30 டிகிரி. ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை இழுப்பு, இல்லையென்றால் சா ஒரு பக்கமாக வளைந்து போகும். பல்லுக்கு முன்னால் இருக்கும் ஆழம் காட்டும் மேடை 0.65 மி.மீ. தாழ்வாக இருக்க வேண்டும், ஆத்திரத்தில் அதை அதிகமாக ராவினால் கிக்பேக், அதாவது உச்சிக்கொம்பு சொன்ன அந்த உதை, கூடும்.

சும்மா ஒரு தகவல். இன்றைக்கு நாம் ஓட்டும் இந்தக் கொக்கிப் பல், 1946இல் ஜோசப் காக்ஸ் என்ற அமெரிக்க மரவெட்டி, கட்டையைக் குடைந்து தின்னும் வண்டுப் புழுவின் தாடையைப் பார்த்து வடிவமைத்தது. அதற்கு முன்னால் செயினில் கைரம்பத்துப் பல்லைத்தான் வைத்திருந்தார்கள், ராவி ராவியே பொழுது போகும்.

#17 கயிற்றுக்காரன்

தம்பி, அந்தக் கயிற்றை விட்டாய், நல்லது. இதையும் கேட்டுவிடு: நீ மேலே மயங்கித் தொங்கினால் இறக்கிக் கொண்டுவர உன் குழுவில் இரண்டாவதாக ஏறத் தெரிந்தவர் அன்றைக்கு இருப்பாரா? அவருக்கு ஒரு ஹார்னஸும் கயிறும் வண்டியில் இல்லாமல், தரையில் பிரித்து வைக்கப்பட்டிருக்குமா? ஹார்னஸில் அசையாமல் தொங்கினால் ரத்தம் காலில் தேங்கும், நிமிஷங்களில் ஆபத்து. தீயணைப்பு வண்டி வருகிற வரைக்கும் காத்திருக்க முடியாது. கூட ஏறுகிறவரோடு சேர்ந்து, தாழ்வான மரத்தில், ஒருவரை ஒருவர் இறக்கிப் பழகுங்கள். மாதம் ஒரு முறையாவது.

மின்கம்பி பக்கத்தில் போனால் மரம் உன்னுடையது இல்லை. 3 மீட்டருக்குள் கிளை இருந்தால் மின்வாரியம் இணைப்பைத் துண்டித்துவிட்டுச் சொல்லும் வரை தொடாதே. பச்சைக் கிளை மின்சாரத்தைக் கடத்தும், கம்பியைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

#18 புதுக்கிளை

முடிவு எடுத்துவிட்டேன். சேர்த்த பணத்தில் புது ஹார்னஸ், புது ஏறுகயிறு, லேன்யார்டு, ஒரு கைரம்பம். காலுக்கு வெட்டுத்தடுப்பு பேன்ட்டும் வாங்கலாம் என்று கணக்குப் போட்டால் கொஞ்சம் இடிக்கிறது. சா வேண்டும்போது குழுவுடையதைக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன், மேஸ்திரி சரி என்றார். முன்பக்கம் மட்டும் காப்பு உள்ள பேன்ட் மலிவு, சுற்றிலும் உள்ளது விலை அதிகம். எது?

#19 உச்சிக்கொம்பு

ஏறப்போகிறீர்கள் என்றால் சுற்றிலும் உள்ளது, சி வகை. தரையில் சா எப்போதும் காலுக்கு முன்னால் இருக்கும், மேலே கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்று சொல்ல முடியாது. வெயிலில் வேகும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. துவைக்கும்போது மென்மையாக்கி ஊற்ற வேண்டாம், உள்ளே இருக்கும் நீள இழைகள் ஒட்டிக்கொண்டால் செயினைச் சிக்க வைக்காது. அதே காரணத்துக்காக இஸ்திரியும் வேண்டாம்.

#20 தரையாள்

பணம் இடித்தால் லேன்யார்டில் குறைக்காதே, பேன்ட்டிலும் குறைக்காதே. கைரம்பம் என்னிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது, புது பிளேடு மட்டும் போட்டுக்கொள். தனிச்செய்தி அனுப்பு.

#21 கோடாலிக்கொண்டை

பழைய கயித்தத் தூக்கிப் போட்றாத தம்பி, ஆடு கட்ட எனக்கு அனுப்பு.

#22 கயிற்றுக்காரன்

துண்டு துண்டாக வெட்டித்தான் அனுப்புவான். ஒரு துண்டு ஒரு ஆட்டுக்குப் போதும்.